விலைக்கு வாராத குருதி

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றூரில் குடியேறி வாழ்வோர்க்கு உள்ள குறைகளுள் தலையாயது எதுவெனின், இடர் நேர்ந்த வேளையில் ஓடிவர உற்றார் அருகில் இல்லாமையே எனலாம். நல்ல நாளில் இக்குறை பெரிதாகத் தோன்றுவதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அண்டை வீட்டாரே அண்ணன் தம்பியராய் அமைந்துவிடுகின்றனர். ஆயின், வீட்டில் ஒருவர் நோயுற்று அறுவை மருத்துவத்துக்குச் செல்ல நேரும்போது, "நோயாளியின் உறவினர் எத்தனை பேர்? இரத்தம் கொடுப்பவர் யார்?" என்னும் வினா எழுகின்றது. சொந்த ஊராயின் ஒரு தெருவே திரண்டு வரும். இங்கோ கணவன், மனைவி, பள்ளி செல்லும் பிள்ளைகள், முதுமையுற்ற தாய் என்னும் நால்வர் ஐவரே குடும்பம். அவருள் இரத்தம் கொடுக்கத் தக்கவர் ஒருவர் இருப்பின் அதுவே பேறு.

சங்கத்தின் ஆண்டு விழா மலரில் இரத்த வங்கியின் வரலாற்றை எழுத நாம் முற்பட்டதற்கு இவ்வினாவே காரணமாகும். இரத்தம் பெற உறவு வேண்டும் என்றும், பணம் வேண்டும் என்றும் இருந்த நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இரண்டும் இன்றி, முன்பின் அறியாதவர் மனமுவந்து கொடுத்த குருதி நோயாளிக்காகக் காத்திருக்கும் நிலை பின்னர் வந்தது. அந்நிலை இன்னும் முற்றுப் பெறவில்லை. அது எவ்வாறு வந்தது என்பதை அறிந்தாலன்றி, அதனை முற்றுவிக்க நாம் செய்ய வேண்டுவது யாது என்பதும் விளங்காது.

பழைய எண்ணமும் புதிய அறிவும்

தன் உடலில் ஒரு பகுதியைப் பிறர்க்கு ஈதல் தமிழர்க்குப் புதிய எண்ணம் அன்று. புறாவின் உயிரைக் காக்கத் தன் தசையை அரிந்து துலாக்கோலில் இட்ட சிபியின் கதையைச் சோழர் தம் குலப்பெருமையாகக் கொண்டிருந்தனர். புறநானூற்றுப் புலவர்கள் அதனைப் பாடியுள்ளனர். கண்ணப்பர் தம் கண்ணை இடந்து அப்பிய வரலாற்றை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். ஆயினும், ஒருவர் உடலில் ஓடும் குருதியை எடுத்து மற்றொருவர் உடலில் செலுத்தி உயிர் காக்கலாம் என்னும் அறிவு அண்மைக் காலத்ததே.

குருதி உடலில் சுற்றியோடுகின்றது என்பதை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ஆம் ஆண்டில் நூல் வடிவில் நிறுவினார். 1667-இல் பாரிஸ் நகரில் ழான் தெனி என்பவர் ஆட்டின் குருதியை மனிதர்க்குச் செலுத்திப் பார்த்தார். உயிர்ச்சேதம் நேரவே, அம்முயற்சி தடை செய்யப்பட்டது. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இத்துறையில் எவரும் துணிந்து இறங்கவில்லை. இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டல் 1818-இல் மனிதர்க்கு மனிதக் குருதியையே செலுத்தும் முறையைத் தொடங்கினார். மகப்பேற்றின் பின் குருதி வடிந்து மாளும் பெண்களைக் காப்பதே அவர் நோக்கம். சிலர் பிழைத்தனர்; சிலர் இறந்தனர். ஏன் பிழைத்தனர், ஏன் இறந்தனர் என்பது மட்டும் விளங்கவில்லை.

அப்புதிரை வியன்னா நகரத்துக் காரல் லாண்ட்ஸ்டைனர் அவிழ்த்தார். மனிதக் குருதி ஒரே தன்மையது அன்று. அதில் பிரிவுகள் உண்டு. ஒன்றோடொன்று பொருந்தாதவை கலந்தால் அணுக்கள் திரண்டு கட்டிவிடும் என்பதை அவர் 1901-இல் வெளியிட்டார். இன்று ஏ, பி, ஓ என நாம் வழங்கும் பிரிவுகள் அவ்வாறு அறியப்பட்டன. ஏபி என்னும் நான்காம் பிரிவு மறு ஆண்டில் அறியப்பட்டது. இவ்வாராய்ச்சிக்காக லாண்ட்ஸ்டைனர் 1930-இல் நோபல் பரிசு பெற்றார். ஆர்எச் என்னும் மற்றொரு கூறு 1940-இல் விளக்கம் பெற்றது.

எஞ்சியிருந்த இடையூறு ஒன்றே. உடலை விட்டு வெளிவந்த குருதி சில நிமிடங்களில் உறைந்துவிடும். ஆதலின் கொடுப்பவரும் பெறுபவரும் அருகருகே படுத்திருக்க வேண்டியிருந்தது. சோடியம் சிட்ரேட் என்னும் உப்பைச் சேர்த்தால் குருதி உறையாது என்பது 1914-இலும் 1915-இலும் வெவ்வேறு நாட்டு மருத்துவர்களால் தெளிவாக்கப்பட்டது. முதல் உலகப் போரின்போது, 1917-இல், ஆஸ்வால்ட் இராபர்ட்சன் என்னும் மருத்துவர் குருதியை முன்னரே எடுத்துப் பனிக்கட்டிப் பெட்டியில் காத்து வைத்துப் போர்க்களத்தில் பயன்படுத்திக் காட்டினார். அன்று தொட்டுக் கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டிய தேவை ஒழிந்தது. இது மருத்துவ முன்னேற்றம் என்பது ஒருபுறமிருக்க, அறநெறி பற்றிய ஒரு வினாவும் அதனுடன் பிறந்தது. முகம் அறியாதவர்க்கு ஒருவர் ஏன் தம் குருதியைத் தர வேண்டும்?

கொடையா, கணக்கா?

இவ்வினாவுக்கு உலகம் இரண்டு விடைகளைக் கண்டது.

முதல் விடை இலண்டனில் எழுந்தது. 1921-இல் அந்நகரின் ஒரு மருத்துவமனை, இரத்தம் கொடுக்க ஆள் வேண்டுமெனச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையைக் கேட்டது. அதன் செயலர் பெர்சி ஆலிவர் தம் தோழர் சிலருடன் சென்றார். அந்நிகழ்ச்சி அவர் மனத்தில் பதிந்தது. அழைத்தவுடன் வருவதற்கு இசைந்தோர் பட்டியல் ஒன்றை அவர் தம் வீட்டிலேயே தொகுத்து வைத்தார். ஊதியம் இல்லை; யார்க்குக் கொடுக்கிறோம் என்னும் கேள்வியும் இல்லை. உலகின் முதல் தன்விருப்பக் குருதிக்கொடைப் பணி அதுவே என்பர்.

இரண்டாம் விடை அமெரிக்க நாட்டுச் சிகாகோவில் எழுந்தது. அங்குக் குக் கவுண்டி மருத்துவமனையில் பெர்னார்டு ஃபான்டஸ் என்பவர் 1937-இல் இரத்தச் சேமிப்பு நிலையம் ஒன்றைத் தொடங்கி, அதற்கு 'இரத்த வங்கி' என்று பெயரிட்டார். இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் இதுவே. பெயர் சிறிதாயினும் அது சுமந்து வந்த கருத்து பெரிது. வங்கியில் போட்டவர் எடுக்கலாம். எடுத்தவர் திருப்பிப் போட வேண்டும். அவ்வாறே, நோயாளிக்காக எடுத்த குருதிக்கு ஈடாக அவர் உறவினர் குருதி கொடுத்துக் கணக்கை நேர்செய்ய வேண்டும் என்பது அம்முறை.

கணக்கு முறை நேர்மையானது போலத் தோன்றும். சுற்றம் பெருத்தவர்க்கு அது எளிது. சுற்றம் இல்லாதவரும், வெளியூரிலிருந்து வந்தவரும், முதியோரும் அக்கணக்கை எங்ஙனம் தீர்ப்பர்? தீர்க்க இயலாதவர் முன் ஒரே வழிதான் இருந்தது. காசு கொடுத்து ஓர் ஆளைப் பிடிப்பதே அவ்வழி. இங்ஙனம், வங்கிக் கணக்கின் பின்வாயில் வழியே சந்தை உள்ளே நுழைந்தது. நம் நாட்டு வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

கல்கத்தாவும் பம்பாயும்

இந்தியாவில் முதல் இரத்த வங்கி 1942-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கல்கத்தாவில், அனைத்திந்தியச் சுகாதார, பொதுநல நிறுவனத்தில் அமைந்தது. இரண்டாம் உலகப் போரில் புண்பட்ட வீரர்க்காகச் செஞ்சிலுவைச் சங்கம் அதனை நடத்திற்று. அரசு அலுவலரும் ஆங்கிலோ-இந்திய மக்களுமே பெரும்பாலும் குருதி கொடுத்தனர். போர்க்காலத்தில் மக்களுக்கு ஒரு பொது உணர்ச்சி இருந்தது. போர் முடிந்ததும் அவ்வுணர்ச்சி தணிந்தது, கொடுப்போர் குறைந்தனர். ஆனால் மருத்துவமனைகளின் தேவையோ ஆண்டுதோறும் வளர்ந்தது. ஆகவே, பணம் கொடுத்துக் குருதி வாங்கும் வழக்கம் தொடங்கிற்று.

அவ்வழக்கம் வேரூன்றிய நாளிலேயே அதற்கு எதிரான முயற்சியும் நாம் வாழும் இம்மாநகரில் தோன்றியது என்பது நாம் பெருமையுடன் நினைக்கத் தக்கது. லீலா மூல்காவ்கர் என்னும் அம்மையார் 1954 முதல் பம்பாயில் தன்விருப்பக் குருதிக்கொடை முகாம்களை நடத்தலானார். 'இரத்தம் கொடுத்தால் உடல் தளர்ந்துவிடும். ஆண்மை குன்றிவிடும்' என்று படித்தவரும் அஞ்சிய காலம் அது. அவ்வச்சத்தைப் பேசிப் பேசியே நீக்க வேண்டியிருந்தது. 1963-இல் அரசு அவர்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. பிற்காலத்தில் மும்பையின் கல்லூரிகளிலும் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் முகாம் நடப்பது இயல்பாகிவிட்டதெனின், அதன் தொடக்கத்தில் அவ்வம்மையாரின் கால் தேய்ந்த உழைப்பு இருக்கின்றது.

குருதி ஆராய்ச்சியிலும் இந்நகரின் பெயர் நிலைத்துள்ளது. 1952-இல் மருத்துவர் பெண்டேயும் அவர்தம் துணைவரும் இந்நகரில் ஒரு வியப்பான குருதிப் பிரிவைக் கண்டனர். வழக்கமான சோதனையில் அது ஓ பிரிவு போலவே தோன்றும். ஆயின் ஓ பிரிவுக் குருதியைச் செலுத்தினாலும் அவ்வுடல் ஏற்காது. ஏ, பி, ஓ ஆகிய பிரிவினர் எவரிடத்தும் உள்ள எச் என்னும் அடிப்படைக் கூறே அதில் இல்லாமை காரணம். அதனால் அப்பிரிவினர்க்கு அப்பிரிவினரே கொடுக்க முடியும். இந்தியரில் ஏறத்தாழப் பத்தாயிரவரில் ஒருவர்க்கு இப்பிரிவு அமைந்துள்ளது என்பர். உலக மருத்துவ நூல்கள் இதனைப் 'பம்பாய்ப் பிரிவு' என்றே வழங்குகின்றன. இத்தகைய ஒருவர்க்கு விபத்து நேரின், அவருடைய செல்வமோ செல்வாக்கோ உதவாது. எங்கோ ஓர் ஊரில் உள்ள முகமறியா ஒருவர் அழைத்தவுடன் வந்தாலன்றி அவர் பிழையார்.

சந்தை செய்த கேடு

1960-களில் நாட்டின் பல நகரங்களிலும் இரத்த வங்கிகள் பெருகின. அவற்றுள் பல, குருதி விற்போரையே நம்பியிருந்தன. விற்றவர் யாவர்? வேலையற்றோர், நாட்கூலிகள், ரிக்ஷா இழுப்போர், போதைக்கு அடிமையானோர். வயிற்றுப்பாட்டுக்காக அவர்கள் மாதத்தில் பலமுறை வெவ்வேறு வங்கிகளுக்குச் சென்றனர். சோகை பிடித்த உடலிலிருந்து எடுத்த குருதி, பெறுபவர்க்கும் முழுப்பயன் தரவில்லை. கொடுத்தவரின் எஞ்சிய நலத்தையும் உறிஞ்சியது. இடைத்தரகர் பங்கு போக அவர் கைக்கு வந்ததோ சொற்பமே.

இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. மனமுவந்து கொடுப்பவரிடம், "அண்மையில் காமாலை வந்ததா? காய்ச்சல் உண்டா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்வார். சொல்லிவிட்டுத் திரும்பிப் போவதால் அவர்க்கு இழப்பில்லை. விற்க வந்தவரோ உண்மையைச் சொன்னால் அன்றைய உணவை இழப்பார், ஆதலின் மறைப்பார். அவரை நாம் பழித்தல் தகாது. அவரை அந்நிலையில் நிறுத்திய முறையே பழிக்கத் தக்கது. ஆங்கில அறிஞர் ரிச்சர்டு டிட்மஸ் 1970-இல் வெளியிட்ட 'கொடை உறவு' என்னும் பொருள்படும் நூலில் இக்கருத்தையே விரிவாக ஆராய்ந்தார். இங்கிலாந்தின் இலவசக் கொடை முறையையும் அமெரிக்காவில் அன்றிருந்த விலை முறையையும் ஒப்பிட்டு, விலைக்கு வாங்கும் குருதியே நோய் பரப்புவதில் முந்துகின்றது என்று அவர் காட்டினார். 1975-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் பேரவை, ஊதியமற்ற தன்விருப்பக் கொடையின் அடிப்படையில் இரத்தப் பணியை அமைக்குமாறு எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டில், இந்திய இரத்தமேற்றுச் சங்கத்தின் தலைவராயிருந்த மருத்துவர் ஜே. ஜி. ஜாலி, அக்டோபர் 1-ஐத் தேசியத் தன்விருப்பக் குருதிக்கொடை நாளாக அறிவித்தார். அந்நாள் இன்றும் கொண்டாடப்படுகின்றது.

அறிவிப்பு வந்தது, சந்தை ஒழியவில்லை. அதனை ஒழிக்க ஓர் அச்சம் தேவைப்பட்டது.

சென்னையிலிருந்து வந்த எச்சரிக்கை

எய்ட்ஸ் என்னும் நோய் 1981-இல் அமெரிக்காவில் இனங்காணப்பட்டது. அது மேலைநாட்டார் நோய். நம் நாட்டை அணுகாது என்று இங்குப் பலர் நம்பியிருந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமன் அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா, தம் ஆய்வின் பொருட்டுப் பரத்தைமைத் தொழிலில் இருந்த பெண்களிடம் குருதி மாதிரிகளைப் பெற்றார். அவற்றைக் குளிர்பதனத்தில் காத்து, சோதனை வசதி இருந்த வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு இரயிலில் எடுத்துச் சென்றார். சில மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது 1986-இல் தெரிந்தது. இந்திய நாட்டில் அக்கிருமி கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை. வசதி குறைந்த ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு தமிழ்நாட்டு மருத்துவப் பெண்மணிகள் எழுப்பிய அக்குரலை நாடு செவிமடுத்தது.

அக்கிருமி குருதி வழியே பரவும் என்பதால், இரத்த வங்கிகளின் மீது அனைவர் கண்ணும் திரும்பிற்று. 1989-இல் ஒவ்வொரு குருதிப் பைக்கும் எச்.ஐ.வி. சோதனை கட்டாயமாக்கப்பட்டது. 1990-இல் அரசின் பொருட்டு ஒரு தனியார் ஆய்வு நிறுவனம் நாட்டின் இரத்த வங்கிகளைக் கணக்கெடுத்தது. 1018 வங்கிகளில் 616 உரிமம் இன்றியே நடந்தன என்னும் செய்தி வெளிவந்தது. எய்ட்ஸ் தடுப்புப் பணிக்கான தேசிய அமைப்பு 1992-இல் நிறுவப்பட்டது.

இங்கு வாசகர் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். 'சோதனைதான் உண்டே; யாரிடம் வாங்கினால் என்ன?' என்று சிலர் கேட்பர். ஒருவர் உடலில் கிருமி புகுந்த உடனே அது சோதனையில் தென்படுவதில்லை. தொடக்க நாட்களில் அது மறைந்திருக்கும். புதிய சோதனைகள் அவ்விடைவெளியைக் குறுக்கியுள்ளன, முற்றும் நீக்கவில்லை. அந்நாட்களில் எடுத்த குருதி சோதனையில் தேறிவிடும். பெறுபவர்க்கு நோயைத் தரும். ஆகவே, எந்திரம் காணாததைக் கொடுப்பவரின் வாய்மையே காட்ட வேண்டும். பாதுகாப்பான குருதிக்கு முதற்காவல் கொடுப்பவரின் மனம். சோதனை இரண்டாம் காவல். விலை நுழைந்த இடத்தில் முதற்காவல் வீழ்கின்றது.

தீர்ப்பு

'காமன் காஸ்' என்னும் பொதுநல அமைப்பு இரத்த வங்கிகளின் சீர்கேட்டை உச்சநீதிமன்றத்தின் முன் வைத்தது. அதனை நிறுவிய எச். டி. ஷோரி, குடிமக்கள் உரிமைக்காகப் பல வழக்குகளைத் தொடுத்தவர். 1996-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேசிய இரத்தமேற்றுக் குழுவும் மாநிலக் குழுக்களும் அமைக்க வேண்டும். உரிமமற்ற வங்கி எதுவும் இயங்கலாகாது. குருதி விற்கும் முறையை ஈராண்டுக்குள் அடியோடு நீக்க வேண்டும் என்பன அதன் முதன்மையான ஆணைகள். அவ்வாறே 1998 ஜனவரி 1 முதல் நாட்டில் குருதி விற்பனை தடை செய்யப்பட்டது. 2002-இல் தேசிய இரத்தக் கொள்கை வெளிவந்தது.

இன்று உரிமம் பெற்ற வங்கியில் ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., இருவகைக் கல்லீரல் அழற்சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கப்படுகின்றது. குருதிக்கு விலை இல்லை. பை, சோதனை, பதனம் ஆகியவற்றுக்கான கட்டணமே பெறப்படுகின்றது. அக்கட்டணத்தையும் ஏழை நோயாளிக்காக அறக்கட்டளைகள் சில ஏற்றுக்கொள்கின்றன.

அறநோக்குடைய இரத்த வங்கிகள் இத்தீர்ப்புக்குக் காத்திராமலே வழிகாட்டின என்பதையும் சொல்ல வேண்டும். சண்டிகாரில் காந்தா சரூப் கிருஷன் அம்மையார் 1960-களில் மக்கள் சங்கம் ஒன்றைத் தொடங்கி, அந்நகரின் மருத்துவமனை வங்கிக்குத் தன்விருப்பக் கொடையாளரைத் திரட்டித் தந்தார். பெங்களூரில் 1984-இல் தோன்றிய மருத்துவச் சேவை அறக்கட்டளையின் இரத்த வங்கி, சுழற்சங்கத்தாரின் துணையும் டி.டி.கே. நிறுவனத்தின் துணையும் பெற்று வளர்ந்தது. 'விற்பவரை விலக்கினால் வங்கியை மூட வேண்டியதுதான்' என்று சொன்னோர்க்கு இத்தகைய அமைப்புகளே விடையாய் நின்றன.

ஒரு பையில் மூவர்

ஒருவர் ஒருமுறை கொடுப்பது 350 அல்லது 450 மில்லிலிட்டர். வங்கியில் அது சுழற்றிப் பிரிக்கப்படுகின்றது. சிவப்பணுக்கள் குளிர்பதனத்தில் 42 நாள் வரை இருக்கும்; விபத்துற்றோர்க்கும் மகப்பேற்றில் குருதி இழந்தோர்க்கும் அவை உதவும். பிளாஸ்மா உறைநிலையில் ஓராண்டு வரை இருக்கும். தட்டணுக்களோ ஐந்தே நாள்தான் தாங்கும். புற்றுநோய் மருத்துவம் பெறுவோர்க்கு இன்றியமையாதவை அவையே. ஆதலின் ஆண்டில் ஒரு பெருநாளில் ஆயிரம் பேர் கொடுத்துவிட்டு மற்ற நாளெல்லாம் மறந்திருப்பதனால் பயன் குறைவு. மாதந்தோறும் சிலர் என முறைவைத்துக் கொடுப்பதே மேலானது.

பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனையைச் சூழ்ந்த தெருக்களில் நடந்து சென்றால் இதன் பொருள் விளங்கும். அசாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் அங்குத் தங்கி மருத்துவம் பெறுகின்றன. அவர்க்கு இந்நகரில் சுற்றம் இல்லை. தாலசீமியா என்னும் பிறவி நோயுற்ற குழந்தைகளுக்கோ இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுதும் குருதி வேண்டும். ஒவ்வொரு முறையும் எந்த உறவினரை அழைப்பது?

உறுப்பும் எலும்பு மஜ்ஜையும்

இரத்த வங்கி வலுப்பெற்றதனால்தான் உறுப்பு மாற்று மருத்துவமும் இந்நாட்டில் வளர்ந்தது. வேலூரில் 1971-இல் சிறுநீரக மாற்று அறுவை வெற்றியுடன் நிகழ்ந்தது. எலும்பு மஜ்ஜை மாற்று 1983-இல் நம் டாட்டா நினைவு மருத்துவமனையில் தொடங்கிற்று. இத்துறையிலும் பழைய நோய் தலைகாட்டியது. ஏழைகளின் சிறுநீரகம் விலைபோயிற்று. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் அவ்வாணிகத்தைக் குற்றமாக்கிற்று. குருதிக்கு நேர்ந்ததே உறுப்புக்கும் நேர்ந்தது; குருதிக்குக் கண்ட மருந்தே உறுப்புக்கும் மருந்து.

மஜ்ஜை மாற்றில் நம் போன்றோர் சிறப்பாகக் கருத வேண்டியது ஒன்றுண்டு. குருதிப் பிரிவுகள் சிலவே. மஜ்ஜைக்குப் பொருந்த வேண்டிய எச்.எல்.ஏ. என்னும் அடையாளங்களோ எண்ணிறந்த வகையின. உடன்பிறந்தார் இருவர்க்குள் அவை முற்றும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உடன்பிறப்பு பொருந்தாவிடில் வெளியில் தேட வேண்டும். அவ்வடையாளங்கள் மரபுவழி வருவன ஆதலின், ஒத்த முன்னோர் வழி வந்தவரிடையே பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. தமிழ்க் குழந்தை ஒன்றுக்குப் பொருந்துபவர் பெரும்பாலும் நம்மவரிடையேதான் இருப்பார். அவர் மதுரையில் இருக்கலாம், மாதுங்காவிலும் இருக்கலாம். அதற்கென அமைந்த கொடையாளர் பதிவேடுகளுள் ஒன்று 2009-இல் சென்னையில் தோன்றிய 'தாத்ரி'. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவித் தந்தால் பெயர் பதிவாகும். பொருத்தம் நேரும்போது, பெரும்பாலும் குருதி கொடுப்பது போலவே கையிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுப்பர். எடுத்தவற்றை உடல் மீண்டும் தானே உண்டாக்கிக்கொள்ளும். பதிவு செய்தவர் பின்னர்ப் பின்வாங்கினால் நோயாளியின் உயிருக்கே இடராகலாம். ஆதலின் வீட்டாருடன் கலந்து, உறுதி கொண்ட பின்னரே பெயர் கொடுத்தல் வேண்டும்.

நம் கடமை

விற்பனை சட்டத்தால் ஒழிந்தது. கணக்கு முறை முற்றும் ஒழியவில்லை. நோயாளியின் உறவினரிடம் பதிலுக்கு இரத்தம் கேட்கும் வழக்கம் நாட்டின் பல இடங்களில் தொடர்கின்றது. அதனால் இழப்புறுவோர் யாவர் என்பதை முதலிலேயே கண்டோம். சுற்றத்தை ஊரில் விட்டு வந்தவரே முதலில் இழப்புறுகின்றனர். ஆள் கிடைக்காத தவிப்பில், உறவினர் என்று பெயர் சொல்லிக் கூலிக்கு வருவாரை நாடும் இழிநிலையும் இதனால் நேர்கின்றது. பழைய சந்தை அங்கே மாறுவேடத்தில் நிற்கின்றது.

இதற்குத் தீர்வு, கேட்கும்முன் கொடுப்பவர் பெருகுதலே. வங்கியில் போதிய குருதி முன்னரே இருக்குமாயின், "உறவினர் எங்கே?" என்று கேட்க வேண்டிய தேவையே இராது. 18 வயது முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையும், 12.5 கிராமுக்குக் குறையாத ஹீமோகுளோபினும், நல்ல உடல்நலமும் உடையோர் கொடுக்கலாம். ஆடவர் மூன்று திங்களுக்கு ஒருமுறையும் மகளிர் நான்கு திங்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். நம் மகளிர் பலர்க்குச் சோகை இருப்பது முகாம்களிலேதான் தெரியவருகின்றது. திருப்பி அனுப்பப்பட்டால் வருந்த வேண்டா. அதனை மருத்துவரின் அறிவுரையாகக் கொண்டு உடலைத் தேற்றிக்கொள்வதும் நன்மையே.

நம் சங்கத்தின்பால் நாம் வேண்டுவன மூன்று. காலனியில் உள்ள ஒவ்வொரு குடும்பத்திலும் தக்கவர் யார், அவர் குருதிப் பிரிவு யாது என்பதை, அவரவர் இசைவுடன் ஒரு குறிப்பேட்டில் தொகுத்தல் வேண்டும். ஆண்டு விழா நாளில் மட்டுமன்றி மூன்று திங்களுக்கு ஒருமுறை, கோடை விடுமுறையில் நம்மவர் ஊருக்குப் போய்விடும் நாட்களையும் கருதி, முறைவைத்து முகாம் நடத்தல் வேண்டும். கொடுக்கும் குருதி இன்னாருக்கென்று நிபந்தனை விதிக்காதிருத்தல் வேண்டும். மூன்றாவதே தலையாயது. தமிழர் கொடுத்தது தமிழர்க்கே என்று நாம் கணக்கு வைப்போமாயின், மராத்தியரும் குஜராத்தியரும் அவ்வாறே கணக்கு வைப்பர். அந்நிலையில் சிறு தொகையினராகிய நாமே முதலில் தோற்போம்.

இந்நகரில் நம்முள் எத்தனையோ பேர் உடலில் முன்பின் அறியாதவர் குருதி ஓடுகின்றது. அவர் மொழி யாது, சாதி யாது, சமயம் யாது என்று எவரும் கேட்டிலர். கேட்டாலும் பையின் மேல் அது எழுதப்பட்டிருக்கவில்லை. பிரிவும் நாளும் எண்ணுமே அதில் எழுதப்பட்டிருந்தன. விழா முடிந்து வீடு திரும்பும் அன்பர்கள், வரும் முகாமின் நாளை நாட்காட்டியில் குறித்து வைப்பாராக.